பொருளின் இறுதிவினையும் இழைகளின் பூசலும்

1. தோற்றுவாய்

உலகத்துத் தோன்றிய பொருள் யாவும் ஒருநாள் மறைதல் இயல்பு. கணிப்பொறியினுள் நிரலால் ஆக்கப்படும் பொருள்களும் இந்நியதிக்குப் புறம்பானவை அல்ல. ஆயினும், நிரல் எழுதப் பயிலும் மாணவருட் பெரும்பாலார் பொருளை ஆக்குதற்கண் செலுத்தும் கருத்திற் சிறு பங்கும் அதனை அழித்தற்கண் செலுத்துவதில்லை. பயனற்றுப்போன நினைவகத்தைத் தாமே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும் மொழிகள் வழக்கிற்கு வந்தபின், 'அழிவைப்பற்றி நாம் எண்ணவேண்டுவது யாது?' என்று கருதுவோர் பலராயினர். இக்கருத்து ஓரளவே மெய்யாம்.

பொருள் அழியுங்காலத்து ஒரு சிறு வேலை செய்யப்படவேண்டியிருப்பின், அவ்வேலையை எவ்விழை செய்யும், எப்பொழுது செய்யும், அப்பொழுது பிற இழைகள் என்ன செய்துகொண்டிருக்கும் என்னும் மூன்று வினாக்கள் எழுகின்றன. இவற்றிற்கு விடை அறியாது எழுதப்பட்ட நிரல் பல திங்கள் பழுதின்றி ஓடி, ஒருநாள் ஒருவர் கோப்பில் மற்றொருவர் செய்தியை எழுதிவைத்துவிடவுங்கூடும். பிழை நேர்ந்தது ஓரிடமும் அதன் பயன் தோன்றுவது வேறோரிடமுமாய் இருக்குமாதலின், தேடுவோர்க்கு அஃது எளிதில் அகப்படாது. ஆதலின் இதனை மாணவர்க்குப் பயன்படுமாறு ஒருவாறு விளக்கப் புகுந்தோம்.

ஈண்டு 'இழை' என்றது, ஆங்கிலத்தில் 'திரெட்' என வழங்குவதனை. ஒரே நிரலினுள், ஒரே நினைவகத்தைப் பொதுவாகக் கொண்டு, ஒருங்கே நடைபெறும் கட்டளைத் தொடர்கள் பலவற்றுள் ஒவ்வொன்றும் ஓர் இழையாம். 'சுட்டு' என்றது, ஒரு பொருள் இருக்குமிடத்தைக் காட்டி நிற்கும் குறிப்பை. இவ்விரண்டனையும் நினைவிற்கொண்டு மேலே செல்வோமாக.

2. குப்பை அகற்றல்

நினைவகத்தைத் தானே மீட்டுக்கொள்ளும் முறையை முதன்முதல் வகுத்தவர் ஜான் மெக்கார்த்தி என்னும் அறிஞர். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிஸ்ப் என்னும் மொழியை அவர் அமைத்தபொழுது இம்முறை பிறந்தது. 1960-ஆம் ஆண்டில் வெளியான அவரது கட்டுரையில் இது விளக்கப்பட்டுள்ளது. அதன் சாரம் வருமாறு. நிரல் அப்பொழுது நேரே கையாளும் சுட்டுக்களை வேர்கள் எனக் கொள்க. அவ்வேர்களிலிருந்து புறப்பட்டு, சுட்டின் வழியே சுட்டாகச் சென்று எட்டக்கூடிய பொருள்களையெல்லாம் குறியிட வேண்டும். குறிபெறாது எஞ்சியவற்றை நிரல் இனி ஒருகாலும் அடைய இயலாது. ஆதலின் அவை குப்பை. அவற்றின் இடத்தை மீண்டும் பயன்படுத்தலாம்.

அதே 1960-ஆம் ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் என்பார் மற்றொரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு பொருளையும் எத்தனை சுட்டுக்கள் சுட்டுகின்றன என எண்ணிவைத்து, அவ்வெண் சுழியானவுடன் பொருளை விடுவித்தல் அம்முறை. இது விரைவில் இடத்தை மீட்கும். ஆனால் ஒன்றையொன்று சுட்டி நிற்கும் இரு பொருள்களின் எண் ஒருகாலும் சுழியாகாது. பைத்தான் மொழியின் பெருவழக்கான உருவமாகிய சி-பைத்தான் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. வளையமாய் நிற்கும் குப்பையைத் தேடி அகற்றும் துணைமுறையொன்று அதன் 2.0 பதிப்பில், 2000-ஆம் ஆண்டில், சேர்க்கப்பட்டது. ஜாவா, சி ஷார்ப், கோ முதலிய மொழிகள் மெக்கார்த்தியின் வழியில் வந்தவை.

இருவகை முறைகளிலும் ஓர் உண்மை பொதுவானது. பொருள் குப்பையாயிற்று என்பதனை முடிவு செய்பவர் நிரல் எழுதியவர் அல்லர். மொழியின் இயக்கவமைப்பே அதனை முடிவு செய்கின்றது.

3. இறுதிவினை யாது?

நினைவகம் ஒன்றே மீட்கவேண்டிய செல்வமாயின் இக்கட்டுரைக்கு இடமில்லை. பொருள் தன் கையகத்தே வேறு சிலவற்றையும் வைத்திருத்தல் கூடும். திறந்த கோப்பு, வலையிணைப்பு, தரவுத்தளத் தொடர்பு, சி மொழியில் எழுதப்பட்ட நூலகத்தினின்று பெற்ற நினைவகம் முதலியன அவை. இவற்றின் இருப்பைக் குப்பையகற்றி அறியாது. பொருள் மறையும்பொழுது இவற்றையும் விடுவித்தற்பொருட்டு, 'இப்பொருள் குப்பையானால் இக்கட்டளைகளை நிறைவேற்றுக' என்று நிரலர் முன்னரே எழுதிவைக்க மொழிகள் இடந்தந்தன. இதனை ஆங்கிலத்தார் 'பைனலைசர்' என்பர். யாம் 'இறுதிவினை' எனக் குறிக்கின்றோம்.

சி பிளஸ் பிளஸ் மொழியில் உள்ள 'டிஸ்ட்ரக்டர்' என்னும் அழிப்புவினையும் இதுவும் ஒன்றெனக் கருதுதல் பெரும்பிழை. அம்மொழியில், ஒரு செயற்பகுதிக்குள் அமைத்த பொருள் அப்பகுதி முடியும் இடத்திலேயே, அதனை நடத்திய இழையினாலேயே அழிக்கப்படும். இடமும் காலமும் இழையும் முன்னரே தெரியும். குப்பையகற்றும் மொழியின் இறுதிவினைக்கோ இம்மூன்றும் திட்டமில்லை. வீட்டைக் காலி செய்வோன் தானே விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திச் செல்லுதல் முன்னது. அவன் போய்விட்டான் என்று தெரிந்தபின் வேறொருவன் எப்பொழுதோ வந்து சாத்துதல் பின்னது. வருபவன் யார், எப்பொழுது வருவான் என்பன அவனைப் பொறுத்தன.

4. எவ்விழை செய்யும்?

இவ்வினாவிற்கு மொழிதோறும் விடை வேறாம்.

ஜாவா மொழியின் இலக்கண நூல், இறுதிவினையை எவ்விழை நடத்தும் என்று உறுதிகூற மறுத்துவிட்டது. ஆனால், அதனை நடத்தும் இழை நிரலர் கண்ணுக்குப் புலனாகும் பூட்டு எதனையும் அப்பொழுது கைக்கொண்டிராது என்று மட்டும் உறுதி தந்தது. நடைமுறையில் இதற்கெனத் தனியிழை ஒன்று பின்னே நிற்கும். டாட்நெட் அமைப்பிலும் தனியிழை ஒன்றே இதனைச் செய்கின்றது. கோ மொழியில், நிரல் முழுவதற்கும் உரிய இறுதிவினைகளையெல்லாம் ஒரே கோரூட்டீன், ஒன்றன்பின் ஒன்றாக நடத்துகின்றது. சி-பைத்தானிலோ, கடைசிச் சுட்டை விடுத்த இழை எதுவோ அதுவே அக்கணத்தில் இறுதிவினையையும் செய்கின்றது. வளையக் குப்பையாயின், துணைமுறை எந்த இழையில் எழுந்ததோ அவ்விழை செய்கின்றது.

இவற்றினின்று மாணவர் உணரற்பாலது ஒன்று உண்டு. ஜாவாவிலேனும் சி ஷார்ப்பிலேனும் இறுதிவினை ஒன்றை எழுதிய அக்கணமே நம் நிரல் பலவிழை நிரலாய்விடுகின்றது. 'யாம் இழை எதனையும் ஆக்கவில்லை. பூட்டு எமக்கு எற்றுக்கு?' என்று கூறுதல் அப்பொழுது பொருந்தாது. இழையை நாம் ஆக்காவிடினும் மொழி ஆக்கி வைத்திருக்கின்றது.

5. முதலாம் இடர்: பொதுப்பொருளைத் தீண்டல்

திறந்துள்ள கோப்புக்களின் தொகையை நிரல் ஓர் எண்ணாக வைத்துக்கொண்டிருக்கின்றது எனக் கொள்வோம். கோப்பைத் திறக்கும்பொழுது ஒன்று கூட்டுதலும், இறுதிவினையில் ஒன்று கழித்தலும் முறை. கூட்டுதல் ஒரு செயல்போலத் தோன்றினும் உண்மையில் மூன்று செயல்களாம்: எண்ணைப் படித்தல், ஒன்று சேர்த்தல், திரும்ப எழுதுதல்.

தொகை இப்பொழுது 10. முதலிழை புதிய கோப்பொன்றைத் திறக்கப் புகுந்து 10 எனப் படிக்கின்றது. அதே வேளையில் இறுதிவினையிழையும் 10 எனப் படிக்கின்றது. முன்னது 11 என எழுதுகின்றது. பின்னது 9 என எழுதுகின்றது. ஒன்று திறந்து ஒன்று மூடியமையால் தொகை 10 ஆகவே இருத்தல் வேண்டும். ஆனால் எழுதிய முறைக்கேற்ப 9 என்றோ 11 என்றோ நிற்கும். இப்பிழை நாள்தோறும் நேராது. இரண்டு இழைகளும் ஒரே நொடிப்பொழுதில் அவ்விடத்தே கூடினாலன்றித் தோன்றாது. அதனாலேயே இது கொடியது.

எண்ணுக்குப் பகரமாக அட்டவணையொன்றைக் கொண்டால் தீங்கு மிகும். ஓரிழை அட்டவணையை விரித்து இடம் மாற்றிக்கொண்டிருக்கும்பொழுது மற்றோரிழை அதிலிருந்து ஒன்றை நீக்கினால், அட்டவணையே சிதையும். ஆதலின், இறுதிவினை தீண்டும் பொதுப்பொருள் ஒவ்வொன்றிற்கும் பூட்டு வேண்டும். அப்பூட்டினை இறுதிவினை மட்டும் கைக்கொண்டாற் போதாது. அப்பொருளைத் தீண்டும் பிற இடங்கள் யாவும் கைக்கொள்ளல் வேண்டும்.

6. இரண்டாம் இடர்: தன்னைத் தானே தடுத்தல்

'அங்ஙனமாயின் எல்லாவிடத்தும் பூட்டிட்டால் முடிந்ததன்றோ?' எனின், தனியிழையில் இறுதிவினை நடக்கும் மொழிக்கே அது பொருந்தும். சி-பைத்தான் போன்று, ஓடிக்கொண்டிருக்கும் இழையையே இடைமறித்து இறுதிவினையைச் செய்விக்கும் மொழியில் நிலைமை வேறு.

ஓரிழை, செய்திவரிசை ஒன்றிற் புதிய செய்தியைச் சேர்க்கும்பொருட்டு அவ்வரிசையின் பூட்டைக் கைக்கொள்கின்றது. சேர்த்து முடிப்பதற்குள், இரு கட்டளைகளுக்கு இடையே, குப்பையகற்றும் முறை எழுகின்றது. குப்பையாய்க் கிடந்த ஒரு பொருளின் இறுதிவினை, தான் மறைவதனை அறிவிக்கும்பொருட்டு அதே வரிசையில் ஒரு செய்தியைச் சேர்க்க முயல்கின்றது. பூட்டு மூடியிருத்தலின் அது திறக்கும்வரை காத்திருக்கின்றது. பூட்டை வைத்திருப்பதோ அதே இழை. இறுதிவினை முடிந்தாலன்றி அவ்விழை மேற்செல்லாது. அவ்விழை மேற்சென்றாலன்றிப் பூட்டுத் திறவாது. ஆகவே இரண்டும் நிகழா. இதுவே முட்டுநிலை எனப்படும். நிரல் பிழைச்செய்தி ஒன்றும் கூறாது அப்படியே நின்றுவிடும்.

இது கற்பனையான இடர் அன்று. பைத்தான் மொழியின் 'கியூ' என்னும் வரிசைக்கு இவ்விடர் உண்மையால், இறுதிவினையினுள்ளிருந்தும் தீங்கின்றி அழைக்கத்தக்க 'சிம்பிள்கியூ' என்னும் எளிய வரிசையொன்று 3.7 பதிப்பில், 2018-ஆம் ஆண்டில், தனியே சேர்க்கப்பட்டது.

இனி, ஒரே இழை பன்முறை கைக்கொள்ளத்தக்க பூட்டு ஒன்று உண்டு. அதனை இட்டால் முட்டுநிலை நீங்குமே எனின், நீங்கும். ஆனால் அதனினும் தீயது ஒன்று புகும். பூட்டின் பயன், பாதி மாறிய நிலையிற் பொருளைப் பிறர் காணாவண்ணம் காத்தல். தன் பூட்டைத் தானே கடந்து உட்புகும் இறுதிவினை, வரிசையைப் பாதி மாறிய நிலையிலேயே காண்கின்றது. பூட்டு இருந்தும் காவல் இல்லை. நின்றுபோன நிரல் தன் பிழையைக் காட்டிவிட்டது. சிதைந்த தரவோடு ஓடும் நிரலோ அதனை மறைத்துக்கொண்டு செல்கின்றது.

இதனை நுணுகி ஆராய்ந்தவர் ஹான்ஸ் போம் என்னும் அறிஞர். 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், பொதுப்பொருளைத் தீண்டும் இறுதிவினை, பூட்டு எதனையும் ஏந்தாத தனியிழையிலேயே நடைபெறல் வேண்டும் என்று அவர் நிறுவினார். இழை ஒன்றேயுள்ள நிரலிலும் இவ்வுண்மை மாறாது. தனியிழையாயின் இறுதிவினை காத்திருக்கலாம்; முதலிழை தன் வேலையை முடித்துப் பூட்டைத் திறக்கும்; பின்னர் இறுதிவினை தொடரும். ஜாவாவின் இலக்கணம் பூட்டைப்பற்றித் தந்த உறுதியின் பயன் இப்பொழுது விளங்கும்.

7. மூன்றாம் இடர்: உயிருள்ளபோதே இறுதிக்கடன்

இம்மூன்றாவது இடர் கேட்போர்க்கு நம்புதற்கரியது. ஒரு பொருளின்மேல் ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்பொழுதே அப்பொருளின் இறுதிவினை தொடங்கிவிடக்கூடும்.

இஃது எவ்வாறு எனின், கூறுதும். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், திறந்த கோப்பு ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் வழங்கப்படும். நம் பொருள் 7 என்னும் எண்ணைத் தன்னகத்தே வைத்துள்ளது. அதன் இறுதிவினை 7-ஐ மூடுவது. இப்பொழுது ஓரிழை அப்பொருளின் 'எழுது' என்னும் செயலை அழைக்கின்றது. அச்செயல் முதற்கண் பொருளினின்று 7 என்னும் எண்ணைப் படித்துத் தனியே எடுத்துக்கொள்கின்றது. பின்னர் அவ்வெண்ணைக் கொடுத்து இயங்குதளத்தை அழைக்கின்றது. எண்ணை எடுத்துக்கொண்டபின் பொருளினால் அச்செயலுக்கு ஆவது ஒன்றுமில்லை. வேறெங்கும் அப்பொருளுக்குச் சுட்டும் இல்லை எனக் கொள்க. மொழிமாற்றி நுண்மையுடையதாகலின், பொருளின் சுட்டு இருந்த இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுகின்றது. அக்கணத்திற் குப்பையகற்றி வந்து நோக்கினால், வேர்களிலிருந்து அப்பொருளை எட்ட வழியில்லை. ஆகவே அது குப்பை.

இறுதிவினை ஓடி 7-ஐ மூடுகின்றது. அதே வேளையில் மூன்றாம் இழையொன்று வேறொரு கோப்பைத் திறக்கின்றது. திறவாதிருக்கும் எண்களுள் மிகச் சிறியதனை வழங்குதல் இயங்குதளத்தின் விதியாகலின், புதிய கோப்பிற்கு 7 என்னும் எண்ணே கிடைக்கின்றது. இப்பொழுது முதலிழை, தான் முன்னரே எடுத்துவைத்த 7-ஐக் கொண்டு எழுதுகின்றது. எழுத்துச் சென்று சேர்ந்தது புதிய கோப்பில். ஒரு மாணவரின் மதிப்பெண் மற்றொருவரின் கட்டணக் கணக்கிலும், ஒரு நோயாளியின் குறிப்பு மற்றொருவரின் ஏட்டிலும் புகுதல் இவ்வழியால் நிகழக்கூடும். பிழையென்று எவ்விடத்தும் அறிவிப்பு எழாது. என்னை? ஒவ்வொரு செயலும் தன்னளவில் முறையாகவே நிறைவேறிற்று ஆகலின்.

ஜாவாவின் இலக்கணம் இதற்கு இடந்தருகின்றது. டாட்நெட் அமைப்பும் அங்ஙனமே. கோ மொழியின் ஆவணம் இவ்விடரையே, கோப்பெண்ணை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எச்சரிக்கையாகக் கூறுகின்றது. சி-பைத்தானிலோ, செயல் நடக்குங்காறும் அதன் உள்ளிடப் பெயரே பொருளைச் சுட்டி நிற்றலின் இவ்வடிவில் இவ்விடர் எழாது.

மாற்று யாது? செயலின் இறுதியில் 'இவ்விடங்காறும் இப்பொருள் உயிருடன் இருத்தல் வேண்டும்' என்று மொழிக்கு அறிவித்தலே. டாட்நெட்டில் 'கீப்அலைவ்' என்னும் கட்டளை இதற்குரியது. அப்பெயராலேயே கோ மொழியின் 1.7 பதிப்பில், 2016-ஆம் ஆண்டில், ஒரு கட்டளை சேர்க்கப்பட்டது. ஜாவாவின் 9-ஆம் பதிப்பில், 2017-இல், 'ரீச்சபிலிட்டி ஃபென்ஸ்' என்பது வந்தது. இவை வேறு வேலை ஒன்றும் செய்யா. சுட்டு அதுவரை உயிரோடிருத்தலை மட்டும் உறுதிசெய்யும். ஜாவாவிற் பிறிதொரு வழியும் உண்டு. செயலும் இறுதிவினையும் அப்பொருளின் பூட்டையே கைக்கொள்ளுமாயின், அப்பூட்டு ஏந்தப்பட்டிருக்குங்காறும் பொருள் குப்பையாகக் கருதப்படாது என்று இலக்கணம் உறுதி தருகின்றது.

8. பிற இடர்கள்

இவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, ஒழுங்கின்மை. ஒன்றையொன்று சுட்டும் இரு பொருள்கள் ஒருங்கே குப்பையானால், எதன் இறுதிவினை முந்தும் என்று ஜாவாவில் திட்டமில்லை. ஒன்றன் இறுதிவினை மற்றதனைப் பயன்படுத்தப் புகும்போது அது முன்னரே மூடப்பட்டிருக்கலாம். கோ மொழியில், சுட்டும் பொருளின் இறுதிவினை முந்தும், சுட்டப்படுவது பிந்தும். ஆனால் இறுதிவினையுடைய பொருள்கள் வளையமாய் நிற்பின் அவை விடுவிக்கப்படும் என்னும் உறுதி இல்லை.

இரண்டாவது, மீட்டுயிர்த்தல். இறுதிவினை, மறையவேண்டிய பொருளின் சுட்டைப் பொதுவிடத்தில் வைத்துவிட்டால் அப்பொருள் மீண்டும் எட்டத்தக்கதாகின்றது. கையிலிருந்த கோப்பு மூடப்பட்டிருக்க, உடல் மட்டும் திரும்பிவந்த நிலை அது. வேறோரிழை அதனைக் கண்டு பயன்படுத்தின் விளைவு கூறவேண்டுவதில்லை.

மூன்றாவது, தேக்கம். இறுதிவினைகளுக்கு இழை ஒன்றேயாகலின், ஒன்று தாழ்த்தால் பின்னுள்ளன யாவும் தாழ்க்கும். ஜாஷுவா பிளாக் என்பார் தம் ஜாவா நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். நெடுநேரம் ஓடிய நிரலொன்று நினைவகம் போதாமல் அடிக்கடி வீழ்ந்தது. ஆராய்ந்தபொழுது, ஆயிரக்கணக்கான வரைகலைப் பொருள்கள் இறுதிவினைக்காக வரிசையிற் காத்துக்கிடந்தமை தெரியவந்தது. இறுதிவினையிழை வேறோரிழையினும் தாழ்ந்த உரிமையுடன் ஓடியமையால், குப்பை சேரும் விரைவிற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

நான்காவது, இழைக்குரிமை. சில செல்வங்கள் ஓரிழைக்கே உரியன. ஓபன்ஜிஎல் என்னும் வரைகலை நூலகத்தில், வரைவுச்சூழல் ஒருகாலத்தில் ஓரிழைக்கே உரியது. படங்களை நீக்கும் கட்டளையை இறுதிவினையிழையிலிருந்து இடுதல் தகாது. நீக்கவேண்டிய படத்தின் எண்ணை ஒரு பட்டியலிற் சேர்த்து வைத்து, உரிய இழை தன் அடுத்த சுற்றில் அப்பட்டியலை நோக்கி நீக்குதலே முறை.

9. மாற்றுவழிகள்

மேற்கூறியவற்றை நோக்கின், இறுதிவினையை முதற்காவலாகக் கொள்ளலாகாது என்பது பெறப்படும். திறந்தவனே மூடுதல் தலையாய முறை. இதற்கு மொழிகள் எளிய அமைப்புக்களைத் தந்துள்ளன. சி ஷார்ப்பில் 'யூசிங்', பைத்தானின் 2.5 பதிப்பில், 2006-இல், வந்த 'வித்', ஜாவாவின் 7-ஆம் பதிப்பில், 2011-இல், வந்த 'டிரை' அமைப்பின் விரிவு, கோ மொழியின் 'டிஃபர்' ஆகியன அவை. இவற்றால், செயற்பகுதி எவ்வழியில் முடியினும் மூடுதல் தவறாது நிகழும். அதனைச் செய்யும் இழையும் நாம் அறிந்த இழையே.

எனினும், கையால் மூடுதற்கும் இழைக்காவல் வேண்டும். ஒரே பொருளை இரண்டு இழைகள் மூடுகின்றன எனக் கொள்க. முதலிழை 7-ஐ மூடியது. இடையே மூன்றாம் இழை புதிய கோப்பைத் திறந்து 7-ஐப் பெற்றது. இரண்டாம் இழை 7-ஐ மீண்டும் மூடியது. மூடப்பட்டது மூன்றாம் இழையின் கோப்பு. ஆதலின், 'மூடியாயிற்று' என்னும் குறியைப் பிரிக்கவொண்ணாத ஒரே செயலால் மாற்றி, அதனை முதலில் மாற்றிய இழையே மூடுமாறு அமைத்தல் வேண்டும்.

ஓரிழை படித்துக்கொண்டிருக்கும்பொழுது மற்றோரிழை மூடுதலும் தீது. இதற்குப் பயன்படுத்துவோர் தொகையை எண்ணிவைத்து, மூடும்படி கட்டளை வந்தபின் புதியவரை ஏற்காது, கடைசியாக வெளியேறுபவர் மூடுமாறு செய்தல் நன்று. டாட்நெட்டின் 2.0 பதிப்பில், 2005-இல், வந்த 'சேஃப்ஹேண்டில்' என்னும் வகுப்பு இம்முறையைத் தன்னகத்தே கொண்டது. இயங்குதளத்திற்குச் செல்லும் அழைப்பு முடியுங்காறும் எண்ணிக்கை உயர்ந்து நிற்றலின், எழுதும்போதே மூடப்படுதலும், மூடிய எண் மற்றொன்றிற்குச் சென்று மயக்குதலும் ஒருங்கே தடுக்கப்படுகின்றன.

மூட மறந்தவிடத்து இறுதிக்காவலாக ஒன்று வேண்டுமெனின், ஜாவாவின் 9-ஆம் பதிப்பில் வந்த 'கிளீனர்' என்னும் துப்புரவாளனும், கோ மொழியின் 1.24 பதிப்பில், 2025-இல், வந்த 'ஆட்கிளீனப்' என்பதும் தக்கன. இவற்றின் சிறப்பு, துப்புரவுச் செயலைப் பொருளினின்று பிரித்துவிடுதல். செயல் பொருளைச் சுட்டாது. மூடவேண்டிய எண்ணை மட்டும் அறியும். ஆகவே மீட்டுயிர்த்தலுக்கு இடமில்லை. ஜாவாவின் துப்புரவாளன் ஒரு செயலை ஒருமுறைக்குமேல் நடத்தான். கையால் மூடினும் தானே மூடினும் அஃது ஒன்றே. ஆயினும் மூன்றாம் இடர் இவற்றாலும் நீங்குவதில்லை. உயிர்காக்கும் கட்டளை ஈண்டும் வேண்டும்.

ஜாவா மொழி தன் பழைய 'பைனலைஸ்' முறையை 2017-ஆம் ஆண்டில், 9-ஆம் பதிப்பில், விலக்கத்தக்கது எனக் குறித்தது. 2022-ஆம் ஆண்டில், 18-ஆம் பதிப்பில், முற்றும் நீக்கப்படுவதற்குரியது என அறிவித்தது. 1995-ஆம் ஆண்டில் மொழியுடன் வெளிவந்த அமைப்பொன்றை அதன் ஆசிரியர்களே கைவிடத் துணிந்தமை, அதனை முறையாகப் பயன்படுத்துதல் எத்துணை அரிது என்பதற்குத் தக்க சான்றாம்.

10. மாணவர்க்குச் சில விதிகள்

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து, நினைவிற்கொள்ளற்கு எளியவாறு ஈண்டுத் தருகின்றோம்.

(1) திறந்த இடத்திலேயே மூடும் வழியையும் எழுதுக; குப்பையகற்றியை நம்பிக் கோப்பைத் திறந்து வையற்க.

(2) இறுதிவினை எழுதவேண்டின், அது வேறோரிழையில், நாம் எண்ணாத கணத்தில் ஓடும் என்று கொண்டே எழுதுக.

(3) அது தீண்டும் பொதுப்பொருள் யாவற்றையும் பூட்டிக் காக்க. ஆனால் ஓடும் இழையை இடைமறிக்கும் மொழியாயின், இறுதிவினையினுள் பூட்டுக்காகக் காத்திராதிருக்க.

(4) இறுதிவினையுட் செய்யும் வேலை மிகச் சிறியதாக இருக்க. மூடவேண்டியதன் குறிப்பைத் தகுந்த வரிசையிற் சேர்த்துவிட்டு, எஞ்சிய வேலையை உரிய இழைக்கு விடுதல் நன்று.

(5) பொருளினின்று எண்ணையோ முகவரியையோ எடுத்து வெளியே கொடுக்கும் செயல் ஒவ்வொன்றின் இறுதியிலும், பொருளை உயிருடன் வைக்கும் கட்டளையை இடுக.

(6) மூடுதல் எத்தனை முறை அழைக்கப்படினும் ஒருமுறையே நிகழுமாறு செய்க.

(7) சோதனையிற் பிழை தோன்றாமை பிழையின்மைக்குச் சான்றன்று. இழைப்பிழை காலத்தைப் பொறுத்தது. ஆயிரம் முறை நன்கு ஓடியபின்னும் வரலாம். ஆதலின் ஓட்டிப் பார்த்து அமையாது, படித்துப் பார்த்து ஆராய்க.

முடிவுரை

குப்பையகற்றும் மொழிகள் நிரலர்க்குப் பெருந்துணை புரிந்தன என்பதில் ஐயமில்லை. விடுவித்த நினைவகத்தை மீண்டும் தீண்டும் பிழையினின்று எண்ணிறந்த நிரல்களை அவை காத்தன. ஆயின், அவை ஏற்றுக்கொண்ட பொறுப்பு நினைவகத்தளவே. கோப்பும் இணைப்பும் பூட்டும் இன்னும் நம் பொறுப்பாகவே உள்ளன. அவ்வெல்லை எவ்விடத்து முடிகின்றது என்று அறியாதவர்க்கு, கிடைத்த வசதியே இடராய் முடியும்.

இனி நம் மாணவ நண்பர்கள் தாம் எழுதிய நிரலொன்றை எடுத்து, அதன்கண் திறக்கப்படும் ஒவ்வொன்றின் எதிரேயும் 'இதனை மூடுவது எவ்விழை? எப்பொழுது?' என்று வினவிப் பார்ப்பாராக. விடை உடனே தோன்றும் இடங்களை விட்டுச் செல்லலாம். விடை தோன்றாத இடம் ஒன்றேனும் அகப்படின், நிரலைப் பிறர் கையிற் கொடுக்குமுன் அதனைத் திருத்திக்கொள்க.